குட்டையில் தண்ணீர் நிற்கிறது, என் போர்வெல்லில் ஏன் வரவில்லை?

கேள்வி: அவிநாசி பக்கம் எங்கள் தோட்டம். மூன்று ஏக்கர் தென்னை, ஒரு ஏக்கர் தீவனச் சோளம். அரை கிலோமீட்டரில் இருக்கும் ஊர்க் குட்டைக்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டத் தண்ணீர் வந்துவிட்டது. குட்டையைச் சுற்றியுள்ள பாழ்கிணறுகளில்கூட தண்ணீர் ஏறியிருக்கிறது. எங்கள் 850 அடி போர் மட்டும் பழையபடி ஒரு மணி நேரம்கூட ஓடுவதில்லை. அதை 1,200 அடிக்கு இறக்கலாமா? புது போர் போடலாமா? 60 அடி ஆழத்தில் ஒரு பழைய கிணறும் தூர்ந்து கிடக்கிறது.

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியைப் பழைய கிணற்றில் போடுங்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

உங்கள் போர் போட்ட நாளை நினைத்துப் பாருங்கள். ரிக் வண்டி முதலில் பழுப்பு நிறத் தூளைத் தள்ளியிருக்கும். அறுபது, எழுபது அடி போனதும் தூள் சாம்பல் நிறத்துக்கு மாறியிருக்கும். அந்தப் பழுப்புப் பகுதி உளுத்த பாறை. மழை நீரும் குட்டை நீரும் முதலில் தங்குவது அங்கேதான். சாம்பல் நிறம் வந்த பிறகு இருப்பது கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் இருந்தால் விரல் அளவு வெடிப்புகளில்தான் இருக்கும். ஆழம் போகப் போக வெடிப்புகள் குறையும், பல இடங்களில் உப்பும் கூடும். ஆகவே 350 அடி கூடுதலாக இறக்குவது பெரும்பாலும் காய்ந்த கல்லில் ஓட்டை போடும் வேலையாகவே முடியும்.

குட்டையில் இறங்கிய தண்ணீர் பக்கத்துக் கிணறுகளில் தெரிவதும் உங்கள் போரில் தெரியாததும் இதனால்தான். மேலே உள்ள உளுத்த பாறை சில வாரங்களிலேயே நிரம்பும். 800 அடியில் உள்ள வெடிப்புக்கு அந்தத் தண்ணீர் போய்ச் சேர வழி இருந்தால்தான் சேரும். சேர்ந்தாலும் பல பருவங்கள் ஆகலாம். இன்னொன்றையும் சேர்த்து யோசிக்க வேண்டும். துளை சரியாமல் இருக்க இறக்கும் கேசிங் பைப்பை உளுத்த பாறையோடு நிறுத்திவிட்டுக் கீழே வெறுமனே விடுகிற ஆழ்துளைகள், மேல் வெடிப்புகளில் இருக்கும் நீரையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். நீங்கள் புது போர் போட்டால் பக்கத்துக் கிணறு இறங்கலாம். அவர் போட்டால் உங்களுடையது இறங்கலாம்.

இப்போது திட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் ஓடும் உபரி நீரைக் குழாயில் ஏற்றுகிறது. வெள்ளக் காலத்தில் 70 நாள், வினாடிக்கு 250 கன அடி. மொத்தம் 1.5 டிஎம்சி, அதாவது 150 கோடி கன அடி. அது கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. சராசரி பார்த்தால் ஒரு நீர்நிலைக்கு ஏறத்தாழ 4 கோடி லிட்டர். பெரிய ஏரிகளின் பங்கு போக, உங்கள் ஊர்க் குட்டைக்கு இதைவிடக் குறைவாகவே வரும்.

4 கோடி லிட்டர் பெரிதாகத் தெரியும். ஆனால் கிணற்றில் ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்குச் சுமார் 25,000 லிட்டர் இறைக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை லட்சம். குட்டையைச் சுற்றி இருபது மோட்டார்கள் இருந்தால் நாளைக்கு 30 லட்சம். ஆவியாகும் தண்ணீரைக் கணக்கில் சேர்க்காமலே, 4 கோடி லிட்டர் பதின்மூன்றே நாளில் தீர்ந்துவிடும். அறுபது ஆண்டுகள் போராடி வாங்கிய தண்ணீர் இது. இந்தக் கணக்கை ஒவ்வொரு முறை போடும்போதும் எனக்கு மனசு கனக்கும்.

இறைப்புக்கு ஏன் வரம்பில்லை? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின்படி, நிலத்தின் அடியில் இருக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்வது நிலச் சொந்தக்காரரின் உரிமை. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டம் வந்தது. அது நடைமுறைக்கு வராமலே 2013இல் நீக்கப்பட்டது. மின்சாரம் சிறு விவசாயிகளுக்கு 1984 முதலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 முதலும் இலவசம். அந்த உரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். 1970இல் மின்கட்டணப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் விட்டார்கள். அவர்களுடைய நினைவுத்தூண் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. என் வருத்தம் வேறு. குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவர அரசு ஆயிரம் கோடிக்கு மேல் செலவழித்தது. அந்தத் தண்ணீரை எப்படிப் பங்கிட்டு இறைப்பது என்பதற்கு ஒரு விதியும் வைக்கவில்லை. மும்முனை மின்சாரம் வந்ததும் ஆட்டோ ஸ்டார்ட்டர் தானே மோட்டாரைப் போட்டுவிடுகிறது. தென்னைக்குத் தண்ணீர் தேவையா என்று பார்க்க அந்த நேரத்தில் தோட்டத்தில் ஆள்கூட இருப்பதில்லை.

சரி, கிணற்றுக்கு வருவோம். தூர் வாரும்போது நீங்களே இறங்கி சுவரைப் பாருங்கள். முப்பது, நாற்பது அடியில் துரு படிந்தாற்போல் ஒரு பழுப்புக் கோடு ஓடும். அதில் பாசி, சின்னச் செடி, ஈரக் கசிவு இருந்தால் அதுதான் பழைய ஊற்றுக்கண். அங்கே வண்டலைச் சுத்தமாக எடுக்கச் சொல்லுங்கள். கசிவு குட்டை இருக்கும் திசையில் இருந்தால், அந்தக் கோட்டிலேயே ஒன்றிரண்டு சைடு போர், அதாவது கிணற்றுச் சுவரில் பக்கவாட்டில் துளை, போடலாம். அது நேர் போரைவிடச் செலவு குறைவு. நல்ல வெடிப்பில் பட்டால் கிணறே மாறிவிடும். முதலில் கைப்பிடிச் சுவரைச் சரிசெய்துவிட்டுத்தான் ஆளை இறக்க வேண்டும்.

அப்புறம் சொட்டுநீர். ஐந்து ஏக்கருக்குள் இருப்பதால் சிறு, குறு விவசாயி சான்று வாங்கினால் முழு மானியம் கிடைக்கும். மற்றவர்களுக்கு 75 சதவீதம். கோடையில் தென்னைக்கு நாளைக்கு 65 லிட்டர் போலக் கொடுத்தால் போதும். ஏக்கருக்கு 70 மரம் என்று வைத்தால் 210 மரத்துக்கு 13,650 லிட்டர். மோட்டார் ஓட வேண்டியது அரை மணி நேரம்தான். ஆட்டோ ஸ்டார்ட்டரைக் கழற்றி வைப்பதும் இதோடு சேர்ந்த வேலை.

850 அடி போரை மூடி போட்டு வையுங்கள், குழந்தைகள் நடமாடும் இடத்தில் திறந்து விடாதீர்கள். அதில் மழை நீரை விடுவதாக இருந்தால் ஜல்லி, மணல் வடிகட்டிக் குழி கட்டாமல் விடக் கூடாது. தோட்டத்து ஓடைத் தண்ணீரில் உரமும் மருந்தும் கலந்திருக்கும். நேராக ஆழத்துக்குள் போனால் அதை வெளியே எடுக்க வழியே கிடையாது.

குட்டையையும் ஒரு முறை நடந்து பாருங்கள். அடியில் மெழுகுபோல் வண்டல் படிந்திருந்தால் தண்ணீர் நின்றுகொண்டே இருக்கும், கீழே இறங்காது. வண்டல் எடுக்க வட்டாட்சியரிடமே அனுமதி வாங்கலாம் என்று 2024இல் விதி எளிதானது. தென்னைக்கும் அது நல்ல உரம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு உட்கார்ந்து பேசுவது கடினம் என்று தெரியும். ஆனால் மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற மழை குறைந்த ஊர், ஒவ்வோர் ஆண்டும் மழையை அளந்து, கிராம சபையில் நீர்க் கணக்குப் போட்டு, அதன்படி பயிரைத் தீர்மானிக்கிறது. பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு அங்கே தடை. அரசு உத்தரவு போட்டு நடப்பதல்ல, ஊரே வைத்துக்கொண்ட விதி.

தூர் வாரி முடித்ததும், கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டி, மாதம் ஒரு நாள், மோட்டார் போடுவதற்கு முன் விடியற்காலையில் நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். குட்டையில் தண்ணீர் இருக்கும் உயரத்தையும் பக்கத்திலேயே குறியுங்கள். அடுத்த முறை குட்டைக்குத் தண்ணீர் விட்டு முடிந்த பிறகு அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள். சைடு போர் எந்தப் பக்கம் போடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.