கிரெனாஷ், சிரா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தெற்கு பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களைப் பற்றி எழுதும்போது, கிரெனாஷ் வறட்சியைத் தாங்கும் ரகம் என்றீர்கள். அதே கட்டுரையில், மண் காயும்போதும் சிரா ரகம்தான் கூடுதலாக ஒளிச்சேர்க்கை செய்யும் என்கிறீர்கள். அப்படியானால் எது தாங்கும் கொடி? நடுபவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் உண்மைதான். மண்ணில் ஈரம் குறையத் தொடங்கியதுமே கிரெனாஷ் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். நீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது என்பதால் பழத்தில் சர்க்கரை ஏறத் தாமதமாகும். நீராவி போகாத இலை சூடேறும்; வெப்ப அலை வந்தால் கருகும்.

சிரா துளைகளைத் திறந்தே வைத்திருக்கும். அடிமண்ணில் ஈரம் உள்ளவரை அதற்கு லாபம். அது தீர்ந்ததும் அடியிலைகள் மஞ்சளாகிக் கொட்டும், பழம் சுருங்கும். நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழ் அடைப்பது முதலில் இலைக்காம்பில்தான். இலையை உதிர்த்துத் தண்டைக் காப்பாற்றிக்கொள்கிறது கொடி. ஆகவே இலை கொட்டிய சிராவைச் செத்ததாக நினைத்து வெட்டிவிடக் கூடாது.

இந்தப் பிரிவினையைக் கல்வெட்டாகவும் கொள்ள வேண்டாம். ஒரே ரகம் களிமண்ணில் ஒரு மாதிரியும் சரளை மண்ணில் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும்.

ரகத்தைவிட நான் முதலில் கேட்பது வேர்ச்செடியை, அதாவது ரகத்தை ஒட்டும் அடிச்செடியை. வேரை அழிக்கும் ஃபைலாக்ஸெரா பூச்சி வந்த பிறகு பிரான்ஸில் ஏறக்குறைய எல்லாக் கொடியும் ஒட்டுக்கொடிதான். 110 ரிக்டர், 140 ருஜ்ஜெரி என்ற வேர்ச்செடிகள் இரண்டும் வறட்சியைத் தாங்குவதற்குப் பெயர்பெற்றவை. ரிப்பாரியா குளுவார் என்ற வேர்ச்செடிக்கு மேலோட்டமான வேர். கிரெனாஷையே அதன்மேல் ஒட்டினாலும் மேல்மண் காய்ந்ததும் தவித்துவிடும். மகாராஷ்டிரத்தில் தாம்ஸன் ரகக் கொடியை டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடிமேல் ஒட்டுவதும் வறட்சிக்கும் உப்புக்கும் அஞ்சித்தான்.

தாகத்தை அறிய இலை வாடும்வரை காத்திருக்காதீர்கள். கொழுந்தைப் பாருங்கள். பற்றுக்கம்பிகள் நுனியைத் தாண்டி நிமிர்ந்து நீண்டிருந்தால் கொடி நன்றாக வளர்கிறது. அவை தொங்கி, நுனி இலைகளுக்குள் ஒடுங்கினால் வளர்ச்சி குறைந்துவிட்டது. நுனி காய்ந்தால் நின்றேவிட்டது. எண் வேண்டுமென்றால், இலையில் நீர் எவ்வளவு இழுவிசையில் இருக்கிறது என்று அளக்கும் அழுத்தக்கலம் என்ற கருவி இருக்கிறது. ஓர் இலையை பிளாஸ்டிக் உறையிலும் அலுமினியத் தாளிலும் ஒரு மணி நேரம் மூடிவைத்து, நடுப்பகலில் காம்போடு அறுத்து உடனே அளக்க வேண்டும். மூடாமல் அளந்தால் அந்த ஓர் இலையின் தாகம்தான் தெரியும், கொடியுடையது தெரியாது. மைனஸ் 0.6 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு) வரை கவலையில்லை, மைனஸ் 1.4க்குக் கீழே போனால் கடும் வறட்சி.

தண்ணீர் கொஞ்சம்தான் என்றால், எந்த ரகமானாலும் பூக்கும் நாளிலிருந்து காய் நிறம் மாறும்வரைக்கு அதை ஒதுக்குங்கள். பூவில் தவித்தால் காய் பிடிக்காது, அடுத்த ஆண்டுக்கான மொட்டிலும் குலை குறையும். பிஞ்சில் தவித்துச் சிறுத்த காய், பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் பழைய அளவுக்கு வராது.