கேள்வி-பதில்: பழைய பிக்கப்பில் பெரிய பிளாக்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பழைய பிக்கப் வாங்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய பிளாக், அதாவது உருவில் பெரிய வி8 இன்ஜின்களான செவர்லே 454, ஃபோர்டு 460, டாட்ஜ் 440 பற்றித்தான் (எண்கள் கன அங்குலத்தில் இன்ஜின் அளவு). சந்தோஷம். ஆனால் கேட்கும்போது கம்பெனி, ஆண்டு, பின் ஆக்ஸில் ரேஷியோ, டயர் அளவு நான்கையும் எழுதுங்கள். "வண்டி இழுக்க மாட்டேங்குது" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பதில் வரவில்லை என்று கோபப்பட்டால் நான் என்ன செய்வது?

என் 1990 செவர்லே 454-க்கு வெறும் 230 எச்பி என்கிறார்கள். மனைவியின் கேம்ரி வி6-க்கே 300. அந்த 7.4 லிட்டர் எங்கே போனது? (டல்லாஸ்)

டார்க்கில், அதாவது சுழற்றும் விசையில் போனது. உங்கள் 454 வெறும் 1,600 ஆர்பிஎம்மில் 385 பவுண்டு-அடி தருகிறது. கேம்ரி தன் 267-ஐத் தொட 4,700 வரை சுற்ற வேண்டும். 300 எச்பி வர 6,500-ஐத் தாண்ட வேண்டும். குறுகிய இன்டேக் போர்ட், மிதமான கேம் (வால்வைத் திறக்கும் தண்டு), 8-க்கு 1 கம்ப்ரஷன் எல்லாம் தெரிந்தே செய்தது. சுமையோடு நிற்கிற வண்டியைக் கிளப்பவும், மேட்டில் கியர் மாறாமல் ஏறவும் செய்த இன்ஜின் அது. 4,000-க்கு மேல் மிதித்தால் சத்தம் கூடும், இழுவை கூடாது. இதே இன்ஜினை 454 எஸ்எஸ் பிக்கப்பில் 1991-இல் 255 எச்பிக்கு உயர்த்தினார்கள், 1996-இல் வந்த வோர்டெக் 7400-இல் 290 ஆனது. சுமை இழுக்கிற வேலை இல்லாதவருக்குச் சின்ன பிளாக் 350 தாராளம். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இப்போதும் சொல்கிறேன்.

பெரிய பிளாக்குக்கு 1970 விளம்பரங்களில் 300 எச்பிக்கு மேல், 1973-இல் 240. மூன்றே வருஷத்தில் இவ்வளவு கெட்டுப்போனதா? (டெட்ராய்ட்)

பாதி, அளக்கும் முறை மாறியது. முன்பு ஏர் கிளீனர், ஆல்டர்னேட்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல் அளந்த கிராஸ் கணக்கு. 1972 மாடலில் இருந்து எல்லாம் மாட்டி அளந்த நெட் கணக்கு. மீதி நிஜமான குறைவு. ஈயமில்லாத பெட்ரோலுக்காக கம்ப்ரஷனைக் குறைத்தார்கள்.

என் டிரக்கில் 400 இன்ஜின். அது பெரிய பிளாக்கா? (ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா, கம்பெனி பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. 400 என்று ஒன்றா இருக்கிறது? செவர்லே 1970-களின் தொடக்கத்தில் பிக்கப்பில் 400 என்று விற்றது பெரிய பிளாக், உண்மையில் 402. அதே கம்பெனியின் இன்னொரு 400 சின்ன பிளாக். ஃபோர்டின் 400 பார்க்கப் பருமனாக இருக்கும், ஆனால் 460-இன் குடும்பம் இல்லை, 351 கிளீவ்லேண்டின் குடும்பம். டாட்ஜின் 400 பெரிய பிளாக்.

செவர்லே என்றால் வால்வ் கவர் போல்ட்டை எண்ணுங்கள். ஏழு இருந்தால் பெரியது, நான்கு இருந்தால் சின்னது. எக்ஸாஸ்ட் பக்கமும் பாருங்கள்: சின்ன பிளாக்கில் நடு இரண்டு போர்ட்டும் ஒட்டி இருக்கும், பெரியதில் நான்கும் ஒரே இடைவெளி. டாட்ஜ் பெரிய பிளாக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். ஏர் கிளீனர் மேல் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பி யாரும் பணம் கொடுக்காதீர்கள். பிளாக்கில் உள்ள காஸ்டிங் நம்பரைத் துடைத்துப் படியுங்கள்.

460 என்ன மைலேஜ் தரும்? (நியூ ஜெர்சி)

கேலனுக்கு 10 மைல். ட்ரெய்லர் மாட்டினால் 7, 8. எந்தக் கார்புரேட்டர் மாற்றினாலும் 15 ஆகாது.

என்னிடம் 1978 செவர்லே சி10, அரை டன், 350 இன்ஜின். நண்பர் ஒருவர் 454-ஐக் குறைந்த விலைக்குத் தருகிறார். மாட்டினால் 7,000 பவுண்டு கேம்பரை (தங்கும் வசதியுள்ள ட்ரெய்லர்) கொலராடோவுக்கு இழுத்துப் போகலாம் அல்லவா? மற்ற செலவு எதுவும் வேண்டாம் என்று பார்க்கிறேன். (ஹூஸ்டன்)

இதே கேள்வி வெவ்வேறு ஊரில் இருந்து வந்துகொண்டே இருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

மாட்டுவது சுலபம். 1973 முதல் 87 வரையான செவர்லே சேஸிஸில் மவுன்ட் மாற்றினால் 454 உட்கார்ந்துவிடும். கியர்பாக்ஸ் சேரும் போல்ட் அமைப்பும் ஒன்றே. ஃப்ளெக்ஸ்பிளேட்டும் (இன்ஜினைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் தகடு) முன் பாலன்சரும் மட்டும் 454-உடையதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதன் பாலன்ஸ் வெளியில் இருக்கிறது. 350-உடையதைப் போட்டால் நடுங்கியே கிராங்கைக் கெடுக்கும். இவ்வளவையும் ஒரு சனி, ஞாயிறில் முடித்துவிடலாம். அதனால்தான் இது ஆபத்து. இன்ஜின் மாறிவிட்டது, வண்டி அரை டன்னாகவே இருக்கிறது.

பின் ஆக்ஸிலைப் பாருங்கள். சி10-இல் இருப்பது செமி ஃப்ளோட்டிங். ஷாஃப்ட்டே சக்கரத்தையும் தாங்குகிறது, சுமையையும் தாங்குகிறது. ஷாஃப்ட் முறிந்தால் சக்கரம் அதோடு சேர்ந்து வெளியே வரும். முக்கால் டன் சி20-இல் வரும் 14-போல்ட் ஃபுல் ஃப்ளோட்டரில் சுமை ஹவுசிங் மேல் உட்காரும். ஷாஃப்ட் சுழற்ற மட்டும்தான். அப்புறம் பிரேக். உங்கள் டிரம்மும் டிஸ்க்கும் அரை டன் வண்டிக்கென்று அளந்து வைத்தவை. முன்பக்கம் 100 பவுண்டுக்கு மேல் கூடுதல் இரும்பு, பின்னால் 7,000 பவுண்டு கேம்பர், கொக்கி மேல் மட்டும் 700 முதல் 1,000 பவுண்டு அழுத்தம்.

கொலராடோ என்கிறீர்கள். டென்வருக்கு மேற்கே ஐ-70-இல் ஐசன்ஹோவர் சுரங்கம் சுமார் 11,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1,000 அடிக்கு 3 சதவீதம் பவர் போகும் என்று வைத்தால், மேலே போகும்போது உங்கள் 454-இல் மூன்றில் ஒரு பங்கு இல்லை. ஆனாலும் அது ஏறிவிடும். ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. சுரங்கத்தைத் தாண்டி இறங்கும் சரிவில், மூன்றே கியர் உள்ள டர்போ ஹைட்ராமேட்டிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை டிரைவில் விட்டுப் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் ஆயில் கொதிக்கும், பெடல் தரையைத் தொடும். பிரேக் போன லாரிகளுக்காக அங்கே சரளைக்கல் ஏற்றங்கள் கட்டி வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை.

குடும்பத்தோடு போகிறீர்கள். கேம்பருக்குச் சொந்த எலக்ட்ரிக் பிரேக்கும், கேபினில் கன்ட்ரோலரும் கட்டாயம். டெக்சாஸ் சட்டமே மொத்த எடை 4,500 பவுண்டுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குப் பிரேக் கேட்கிறது. என் யோசனை: அந்த 454-ஐ விட்டுவிடுங்கள். சி10-ஐ விற்று, தொழிற்சாலையிலேயே 454 வந்த சி20 ஒன்றைத் தேடுங்கள். ஆக்ஸில், ஸ்ப்ரிங், ரேடியேட்டர், பிரேக் எல்லாம் அதில் சேர்ந்தே வரும். தனித்தனியாக மாற்றுவதைவிடச் செலவு குறைவு. முதலில் பிரேக், அடுத்து ஆக்ஸில், அடுத்து ரேடியேட்டர், கடைசியில் இன்ஜின்.

1985 ஃபோர்டு எஃப்-250, 460 கார்புரேட்டர். வெயிலில் பெட்ரோல் போட நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் ஆகிறது. (ஃபீனிக்ஸ்)

வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் லைனிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்வது. எத்தனால் கலந்த பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும். 460-இன் மெக்கானிக்கல் பம்ப் சூடான இன்ஜின் மேலேயே இருக்கிறது. பெட்ரோல் லைன் எக்ஸாஸ்ட்டை ஒட்டிப் போகிறதா என்று முதலில் பாருங்கள். ரிட்டர்ன் லைன் அடைத்திருந்தால் சரிசெய்யுங்கள். பிறகும் நிற்கவில்லை என்றால் டேங்க் அருகில் எலக்ட்ரிக் பம்ப். ஆயில் பிரஷர் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் இல்லாமல் அதை மாட்டாதீர்கள். விபத்தில் இன்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

அண்ணா, தமாமில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 454 வண்டி, ஹெடர் போட்டது. சூட்டில் ஸ்டார்ட்டர் முனகுகிறது, சுற்றவில்லை. மூன்று ஸ்டார்ட்டர் மாற்றிவிட்டோம்.

தம்பி, நான்காவது வாங்காதே. ஹெடரின் எக்ஸாஸ்ட் குழாய் ஸ்டார்ட்டரை உரசுகிற தூரத்தில் போகிறது. வெப்பத் தகடு வை. பேட்டரி கேபிளைத் தடிமனாக்கு, இன்ஜின் எர்த் கேபிளைக் கழற்றித் தேய்த்து மாட்டு. இக்னிஷன் டைமிங் அதிகம் முன்னால் இருக்கிறதா என்றும் பார்.

பின் ஆக்ஸில் ரேஷியோ 3.73-ஐ 4.10 ஆக மாற்றலாமா? (அட்லாண்டா)

டயர் அளவு எழுதவில்லை. 30 அங்குலம் என்று வைத்துக்கொள்கிறேன். ஓவர்டிரைவ் (வேகத்தில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கியர்) இல்லாத கியர்பாக்ஸில் 65 மைல் வேகத்துக்கு 3.73-இல் 2,700 ஆர்பிஎம், 4.10-இல் 3,000. சுமை இழுத்தால் மாற்றுங்கள், காலியாக ஓட்டினால் வேண்டாம். 4எல்80இ போன்ற ஓவர்டிரைவ் பெட்டி சேர்த்தால் 4.10-இலும் 2,250-க்கு இறங்கும். மாற்றும்போது பிரேக்கையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

440-ஐப் புதிதாகக் கட்டினேன். 500 மைலில் கேம் லோப் தேய்ந்துவிட்டது. (சிகாகோ)

ஃப்ளாட் டாப்பெட் கேம், லிஃப்டர் உருளாமல் உரசுகிற வகை. இன்றைய கார் ஆயிலில் துத்தநாகம் குறைவு, அது இந்தக் கேமுக்குப் போதாது. துத்தநாகம் கூடுதலான பிரேக்-இன் ஆயில் ஊற்றி, முதல் ஸ்டார்ட்டில் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல் 20 நிமிஷம் ஓட்டியிருக்க வேண்டும். கேமோடு எல்லா லிஃப்டரையும் மாற்றுங்கள், பழைய லிஃப்டர் ஒன்றுகூட வேண்டாம். தேய்ந்த இரும்புத்தூள் பேரிங் வரை போயிருக்கும், ஆயில் பேனைக் கழற்றிப் பாருங்கள்.

1976 எஃப்-250 460. கலிஃபோர்னியாவில் ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை) உண்டா?

உண்டு. விலக்கு 1975 மாடல் வரை மட்டும். வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம்.

460 டைமிங் செயின் மாற்றப் போகிறேன். எந்த செட் வாங்குவது? (சான் அன்டோனியோ)

1972-க்கு முந்தைய கணக்கில் நேராக அமையும் செட் வாங்குங்கள். பிறகு வந்தவற்றில் புகைக் கட்டுப்பாட்டுக்காகக் கேமைச் சில டிகிரி பின்தள்ளி வைத்தார்கள். அதை நேராக்கினாலே கீழ் ஆர்பிஎம்மில் இழுவை தெரியும். பழைய கேம் கியரின் நைலான் பற்கள் உடைந்து ஆயில் பேனில் கிடக்கும். அவற்றை எடுக்காமல் மூடினால் ஆயில் பம்ப் வலையை அடைத்துவிடும். பேனைக் கழற்றாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.