நீரில் கரையாத கொழுப்பு வகை மூலக்கூறுகளான லிப்பிடுகள் செல்லுக்குள் ஒரு சவ்விலிருந்து மற்றொன்றுக்கு எவ்வாறு செல்கின்றன?

சவ்வால் ஆன சிறு பைகளான நுண்பைகளே லிப்பிடுகளைச் சுமந்து செல்கின்றன என்று பாடநூல்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது முழு உண்மையன்று. நுண்பைப் போக்குவரத்தில் பெரிதும் சேராத மைட்டோகாண்ட்ரியாவுக்கும், செல்லுக்குள் பரவிய சவ்வு வலைப்பின்னலான எண்டோபிளாச வலையிலிருந்து லிப்பிடுகள் வந்து சேர்கின்றனவே! இரு சவ்வுகள் ஒன்றோடொன்று இணையாமல், ஏறத்தாழ 10 முதல் 30 நானோமீட்டர் இடைவெளியில் நெருங்கி நிற்கும் தொடர்பு மையங்களில், சில புரதங்கள் லிப்பிட் மூலக்கூறைத் தம் நீர்வெறுக்கும் குழிக்குள் பொதிந்து மறுகரை சேர்க்கின்றன.

இவற்றுள் என்னை மிகவும் வியக்க வைப்பது ஓஎஸ்பிபி என்னும் புரதம். எண்டோபிளாச வலையில் கொலஸ்டிரால் என்னும் லிப்பிட் குறைவு; புரதங்களையும் லிப்பிடுகளையும் பிரித்தனுப்பும் கோல்கை உறுப்பின் வெளியேறும் பக்கத்தில் மிகுதி. அப்படியிருந்தும் இப்புரதம் குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்குக் கொலஸ்டிராலைக் கொண்டு செல்கிறது. மேட்டுக்குத் தண்ணீர் இறைப்பது போன்ற இவ்வேலைக்கு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? கோல்கையில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவிட்டு உருவாக்கப்படும் பாஸ்பாட்டிடைல் இனோசிட்டால் 4-பாஸ்பேட் என்னும் லிப்பிடை அது திரும்பும் வழியில் ஏற்றி வருகிறது. எண்டோபிளாச வலையிலுள்ள சாக்1 என்ற நொதி உடனே அதன் பாஸ்பேட்டை நீக்கிவிடுவதால், அந்த லிப்பிடின் செறிவு வேறுபாடு குலையாமல் நீடித்து, கொலஸ்டிராலை எதிர்த்திசையில் தள்ளுகிறது.

செராமைடு என்னும் மற்றொரு லிப்பிடைக் கோல்கைக்குக் கொண்டு செல்லும் செர்ட் புரதம் 2003-இல் கண்டறியப்பட்டது. விபிஎஸ்13 வகைப் புரதங்களோ படகுபோல் போய்வராமல், நீண்ட பள்ளத்தால் இரு சவ்வுகளையும் பாலமாக இணைத்து, ஒரே நேரத்தில் பல லிப்பிடுகளைக் கடத்துவதாகக் கருதப்படுகிறது. இக்குடும்பத்தின் விபிஎஸ்13ஏ மரபணு பழுதடைந்தால் நரம்புகளையும் சிவப்பணுக்களையும் பாதிக்கும் கொரியா-அகாந்தோசைட்டோசிஸ் என்னும் அரிய நோய் உண்டாகிறது.