மொத்தத் தொகையா, ராயல்டியில் பங்கா?

கேள்வி: அபுனைவு நூல்கள் எழுதுகிறேன். பிறருடைய வாழ்க்கை வரலாற்றை அவர்களோடு உட்கார்ந்து எழுதித் தருவதும் என் தொழில். இப்போது ஒரு தொழிலதிபர் கேட்கிறார். மொத்தமாக 4 லட்சம் ரூபாய், இல்லையென்றால் 1.5 லட்சமும் ராயல்டியில் பாதியும். எதை ஏற்கலாம்?
- வாசகி, கோவை

பதில்: 4 லட்சத்தையே வாங்கிக்கொள்ளுங்கள். புத்தக விலை 400 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பிரதிக்கு 40 ரூபாய். உங்கள் பங்கு 20. விட்டுக்கொடுக்கும் 2.5 லட்சத்தை மீட்கவே 12,500 பிரதிகள் விற்றாக வேண்டும். அந்த 1.5 லட்சம் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணம் என்றால் 20,000 பிரதிகள். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, விற்பதைப் பார்த்து மறுபடி அச்சிடும் தமிழ்ப் பதிப்புச் சூழலில் இதை நம்பி இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தொகையைவிட ஒப்பந்தத்தில்தான் நீங்கள் கறாராக இருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவாக எழுதியவரே முதல் உரிமையாளர். எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தால்தான் உரிமை கைமாறும். அதனால் "கடைசித் தவணை வந்த பிறகே உரிமை மாறும்" என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள். கையெழுத்தின்போது 1 லட்சம், பேட்டிகள் முடிந்ததும், முதல் வரைவு தந்ததும், இறுதிப் பிரதியின்போது என்று மீதியைப் பிரிக்கலாம். பெரிய மனிதர்களிடம் பேட்டிக்கு நேரம் வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அவர் பாதியில் நிறுத்தினால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

அட்டையில் உங்கள் பெயரும் வருமா என்று கேளுங்கள். அதற்காக 25,000 ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்பேன். அடுத்த வேலையைக் கொண்டுவருவது அந்தப் பெயர்தான்.

வரி விஷயம். வரவில் பாதியை மட்டும் லாபமாகக் காட்டும் வருமான வரிச் சலுகை (1961 சட்டத்தில் 44ஏடிஏ பிரிவு) எல்லா எழுத்தாளருக்கும் உண்டு என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பட்டியலில் திரைப்படக் கதை, வசனம் எழுதுவோர் உண்டு. நூலாசிரியர் என்று தனியாக இல்லை. ஆகவே பயணம், தட்டச்சு ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் சொந்த இலக்கிய, கலை, அறிவியல் நூல்களின் ராயல்டிக்குப் பழைய வரி முறையில் (1961 சட்டத்தில் 80கியூகியூபி பிரிவு) 3 லட்சம் வரை கழிவு கிடைக்கும். புதிய முறையில் கிடையாது. உங்கள் ஆடிட்டரிடம் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் தவணை வந்ததும் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை வங்கி வைப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் போடும் எஸ்ஐபி எல்லாம் அப்புறம்.