நாளைய ஷிஃப்ட் ராத்திரி பத்தரைக்கு வந்தால்?

கேள்வி: ஈரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் மூன்று வருஷமாக இருக்கிறேனுங்க அக்கா. காலை ஷிஃப்டா மதியமா என்பதை முதல் நாள் ராத்திரி பத்தரைக்குத்தான் வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிறார்கள். கடை சாத்தி வீடு சேரப் பதினொன்று ஆனாலும், சில நாள் மறுபடி காலை ஒன்பதுக்கு நிற்கணும். முகூர்த்தம் வந்தால் வார லீவும் போச்சு. பையனைப் பார்த்துக்கொள்ளும் மாமியார் தினமும் சத்தம் போடுகிறார். ஒரு வாரம் முன்னாடியே ஷிஃப்டைச் சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு உரிமை உண்டுங்களா?
– பெயர் வேண்டாம், பவானி

பதில்: கேட்க உரிமை உண்டு அம்மிணி. ஆனால் இத்தனை நாள் முன்னதாக ஷிஃப்ட் சொல்லியே ஆகணும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் பிரிவு எதுவும் இல்லை.

அமெரிக்காவில் சில ஊர்களில் இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ 2014-ல் ஆரம்பித்து வைத்தது. ஆரிகன் மாநிலம் 2017-ல் சட்டமே போட்டது. அங்கே 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற கடை, ஓட்டல் நிறுவனங்கள் 14 நாள் முன்பே அட்டவணை தரவேண்டும். அப்புறம் மாற்றினால் கூடுதல் காசு. ஒரு ஷிஃப்ட் முடிந்து பத்து மணி நேரம் ஆகுமுன் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்லலாம். வந்தால் ஒன்றரை மடங்கு சம்பளம். மாற்றுவதற்குத் தடையில்லை, ஆனால் மாற்றுகிறவர் பையில் கை வைக்கணும். எனக்கு அதில் பிடித்ததே இதுதான்.

நம்மிடம் அது இல்லாவிட்டாலும் மேலே சொன்ன 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டம் கையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு முழு நாள் லீவு, சம்பளப் பிடித்தம் இல்லாமல். வாரம் ஒருநாள் மூடுகிற கடை என்றால் அந்த நாளை எழுதி மாட்டணும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவைக்கு மேல் மாற்றக் கூடாது. தினமும் திறக்க அனுமதி வாங்கிய கடை முறை வைத்து லீவு தரணும். ஆக, முகூர்த்தம் வந்தால் லீவு போச்சு என்பது சட்டத்தில் இல்லாத வழக்கம்.

வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48. அதற்கு மேல் நின்றால் இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் நடுவில் ஒரு மணி ஓய்வு. ஓய்வையும் சேர்த்து மொத்தம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை ஒன்பதுக்கு வந்தவரை ராத்திரி ஒன்பதரைக்கு 'இந்த ஒரு கல்யாண பார்ட்டியை மட்டும் முடிச்சுட்டுப் போ' என்று நிறுத்தினால் அது மீறல்தான். உங்கள் கடை 24 மணி நேர அனுமதியின் கீழ் நடப்பதானால், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெண்களை வைத்துக்கொள்ள அவர்கள் எழுதிக் கொடுத்த சம்மதம் வேண்டும். சேர்ந்த அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட தாளில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, எப்படிக் கேட்பது? தனியாகப் போகாதீர்கள், செக்‌ஷனில் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். எடுத்த எடுப்பில் சட்டம் பேசவேண்டாம். 'சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வார லிஸ்டை பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள் சார். யாருக்காவது மாற்றணும் என்றால் எங்களுக்குள் மாற்றிக்கொண்டு சொல்லிவிடுகிறோம்' என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். 'கூட்டம் எப்போ வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?' என்பார் மேனேஜர். முகூர்த்த நாளெல்லாம் தினசரி காலண்டரிலேயே அச்சாகி இருக்கிறது. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் சொல்லாமல் வருவதில்லை. சூரத்துக்கு மாசக்கணக்கில் முன்னாடியே சேலை ஆர்டர் போடுகிற கடைக்கு, சேலையை எடுத்துப் போடும் ஆளை ஒரு வாரம் முன்னாடி முடிவு செய்ய முடியாதா என்ன!

இதற்கிடையில் ஒரு நோட்டுப் போடுங்கள். வந்த நேரம், போன நேரம், தராமல் விட்ட லீவு. அந்தப் பத்தரை மணி மெசேஜ்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கடையே எழுதிக் கொடுத்த சாட்சி அது. ஒரு மாதம் பார்த்தும் அசையவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அதில் ஷிஃப்ட் தாமதத்தை முதலில் எழுதாதீர்கள். லீவையும் ஓவர்டைமையும் எழுதுங்கள். சட்டம் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்த முடியாது, நோட்டீஸ் இல்லையென்றால் அந்த மாதச் சம்பளமாவது தரணும். ஆனால் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதையும், வேறு ஃப்ளோருக்குத் தூக்கி அடிப்பதையும் இந்தப் பிரிவு தடுக்காது. நாலைந்து பேராகப் போங்கள் என்றது அதனால்தான்.

மாமியார் கோபம் நியாயம்தான். உங்கள் ஷிஃப்ட் தெரிகிற வரைக்கும் அவர் ஷிஃப்டும் அவருக்குத் தெரியாது, அவருக்கு வார லீவும் கிடையாது. லிஸ்ட் கைக்கு வந்ததும் முதலில் அவரிடம் காட்டுங்கள். அப்புறம், கடிதம் முழுக்கப் பையன் வருகிறான், மாமியார் வருகிறார், வீட்டுக்காரரை மட்டும் காணோம். மதிய ஷிஃப்ட் நாட்களில் பையனுக்குச் சோறு போட்டுத் தூங்கவைக்கிற வேலையை அவர் பெயரில் எழுதுங்கள்.