என் நாவலின் நாயகி என்னோடு பேசுகிறாள், எனக்கு மனநோயா?

மதிப்பிற்குரிய மேடம்,

எனக்கு 41 வயது. வீடு அம்பாசமுத்திரம். திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் வேலை. வீட்டுக்காரர் கடை வைத்திருக்கிறார். பிளஸ் டூ படிக்கும் மகன், மாமியார் என்று நான்கு பேர் வீட்டில். இதற்கு நடுவில் நான் விஞ்ஞானக் கதைகள் எழுதுகிறேன். சில சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன.

இப்போது எழுதுவது நாவல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் கொட்டிய மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த வெள்ளம் வடிந்த பிறகு ஒரு கேள்வி என்னை விடவேயில்லை. இந்தத் தாமிரபரணி இன்னும் நூற்றைம்பது வருடம் கழித்து எப்படி இருக்கும்? அப்படி வந்தவள்தான் பேச்சி. 2180இல் ஊருக்குத் தண்ணீர் அளந்து கொடுக்கிறவள். ஒரு குடம் கூடப் போனாலும் யாருக்கு, எதற்கு என்று கணக்கு எழுதி வைப்பாள்.

விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து எழுதுகிறேன். அமெரிக்க விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லர் இரண்டு மணிக்கே எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவார் என்று படித்ததிலிருந்து வந்த பழக்கம். படுக்கப் பதினோரு மணி ஆகிவிடும். ரயிலில் போகும்போது செல்போனில் குறிப்பெடுப்பேன். பேப்பர் வந்ததும் முதலில் தேடுவது பாபநாசம் அணையின் நீர்மட்டத்தை. 143 அடியில் இன்றைக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் பேச்சியின் கணக்கை எழுத மனம் வரும்.

ஒரு பத்திரிகை ஆசிரியர், "நம் மண் சார்ந்து எழுதுங்கள்" என்று கதையைத் திருப்பி அனுப்பினார். இன்னொருவர், "சிறுவர் மலருக்கு அனுப்பலாமே" என்றார். என் கதை முழுக்க ஆற்றங்கரையில்தான் நடக்கிறது, மேடம். தெய்வம் ஆகாய வழியே மணிபல்லவத்துக்குத் தூக்கிப்போக, அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தோடு வானில் பறந்து திரும்பி வந்த மணிமேகலை நம் மண்ணில்லையா? இன்றைக்கு நாம் ஆற்றுக்குச் செய்வதை இன்றைய கதையாக எழுதினால் படிக்கிறவர்கள் பழகிப்போய்க் கடந்துவிடுகிறார்கள். 2180இல் கொண்டுபோய் வைத்தால் திடுக்கிடுகிறார்கள். இதை யாரிடம் சொல்வது?

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பேச்சி என்னோடு பேசுகிறாள். கதைப்படி அவள் ஊரைவிட்டு வடக்கே போக வேண்டும். "போகமாட்டேன்" என்கிறாள். அவள் குரல் எனக்குத் தெரியும், கொஞ்சம் கரகரப்பு. ஒருநாள் தோசை சுட்டுக்கொண்டே, "நீ போய்த்தான் ஆகணும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அத்தை கேட்டுவிட்டார்கள். மறுநாளே மந்திரித்த கயிறு கட்டினார்கள். வீட்டுக்காரர் கோபப்படவில்லை. "ஒரு டாக்டரைப் பார்த்துருவோமா?" என்று மெதுவாகக் கேட்டார். அதுதான் என்னை ஆட்டிவிட்டது.

காரணம் இருக்கிறது. என் அம்மாவின் தம்பிக்கு மனநோய். யாரோ திட்டுகிறார்கள் என்று காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்கட்டு அறையிலேயே வாழ்ந்து முடிந்துவிட்டார். என் கல்யாணத்தின்போது இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள். இன்றுவரை என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. மாமாவுக்கு வந்தது எனக்கும் வருகிறதா? எழுதுவதை நிறுத்திவிட்டால் சரியாகிவிடுமா?

பெயர் வேண்டாம், மேடம்.

*

அன்புச் சகோதரிக்கு,

எழுதுவதை நிறுத்த வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க அந்தப் பயம் தெரிகிறது.

உங்களுக்கு நடப்பது எழுதுகிறவர்களிடையே மிகச் சாதாரணம். எடின்பரோ புத்தகத் திருவிழாவுக்கு வந்த எழுத்தாளர்களிடம் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014லும் 2018லும் இதையே கேட்டார்கள். பதில் சொன்ன 181 பேரில் 63 சதவீதம் பேர் தங்கள் பாத்திரங்களின் குரலைக் கேட்பதாகச் சொன்னார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர், பாத்திரங்கள் தாமாகவே முடிவெடுத்து நடந்துகொள்வதாகச் சொன்னார்கள். பேச்சி "போகமாட்டேன்" என்று நிற்கிறாளே, அதேதான். நீங்கள் அவளை அவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறீர்கள். தண்ணீர்க் கணக்கை விட்டுவிட்டுப் போகிற பெண்ணாக அவளைப் படைக்கவில்லை. அதனால் உங்கள் மனமே அவள் பக்கம் நின்று மறுக்கிறது. கதையை வளர்க்கிற மறுப்பு அது. கேட்டுப் பார்க்கலாம் என்பது ஒரு வாசகியாக என் எண்ணம்.

உங்கள் மாமா பட்டது வேறு. காதைப் பொத்திக்கொள்வார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அந்தக் குரல் வெளியிலிருந்து வந்தது, நிஜ மனிதர் பேசுவதுபோல. அவர் அழைக்காமல் வந்தது. போகச் சொன்னாலும் போகவில்லை. அவரைத் திட்டியது. அதைத் தன் மனம் உண்டாக்கியது என்று அவரால் நம்ப முடியவில்லை. நீங்கள் பேச்சியைப் பற்றி எழுதும் ஒவ்வொரு வரியிலும் அவள் உங்கள் கற்பனை என்ற தெளிவு இருக்கிறது. வங்கியில் உட்கார்ந்து நகையை எடை போடும்போது அவள் வந்து தொந்தரவு செய்வதாக நீங்கள் சொல்லவில்லை. அடுப்படியில் வாய்விட்டுப் பேசியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வசனத்தைச் சொல்லிப் பார்ப்பது எழுதுகிறவர்களின் வழக்கம்.

ஆனாலும் நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு. தாய்மாமா வழி என்றால் அந்தக் கூடுதலும் சிறியதே. பெரும்பாலானவர்களுக்கு வராது, பொதுவாகத் தொடங்கும் வயதையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அதனால் சில அடையாளங்களை மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், போதும். குரல் காதுக்கு வெளியே கேட்பது. நீங்கள் செய்வதை எல்லாம் விமர்சிப்பது, எதையாவது செய் என்று கட்டளையிடுவது. பேப்பரில் வரும் அணை நீர்மட்டம் உங்களுக்கென்றே அனுப்பப்பட்ட செய்தி என்று தோன்றுவது. வீட்டார் மீது காரணமில்லாத சந்தேகம். தூக்கமே இல்லாமலும் களைப்புத் தெரியாமல் மனம் பரபரவென்று ஓடுவது. இவற்றில் ஒன்று வந்தாலும் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

உண்மையில் எனக்குக் கவலை தருவது உங்கள் தூக்கம்தான். பதினொன்றிலிருந்து மூன்று வரை என்றால் நான்கு மணி நேரம். இது நீண்டுகொண்டே போனால் எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட இல்லாதது கேட்கும், தெரியும். பயமும் இரட்டிப்பாகும். ஆக்டேவியா பட்லரைச் சொன்னீர்கள். பாத்திரம் கழுவுவது, உருளைக்கிழங்கு சிப்ஸைத் தரம் பார்ப்பது என்று கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டே எழுதி, 1995இல் படைப்பாளிகளுக்கு அமெரிக்காவில் தரும் பெரிய நிதியுதவியான மெக்ஆர்தர் நல்கை பெற்றவர். விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் முறை. அவரை மதியுங்கள். அவருடைய கடிகாரம் உங்களுக்கு வேண்டாம். அவர் குழந்தை குட்டி இல்லாதவர், காலையில் நான்கு பேருக்குச் சமைத்துவிட்டு ரயில் பிடிக்க வேண்டிய நிலை அவருக்கு இல்லை. லியூ சிஷின் சீனாவில் ஒரு மின்நிலையத்தில் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்தான், 2015இல் விஞ்ஞானக் கதைகளுக்கான ஹியூகோ விருது வாங்கினார். வேலைக்கு நடுவில் எழுத வழிகள் பல உண்டு. ஐந்து மணிக்கு எழுந்து ஒரு பக்கம் எழுதுங்கள், மீதி ரயிலில். இரவுச் சமையலறையை மகனும் வீட்டுக்காரரும் ஏறக்கட்டட்டும், நீங்கள் பத்து மணிக்குப் படுங்கள். பிளஸ் டூ படிக்கிற பையன் பாத்திரம் கழுவினால் மார்க் குறையாது.

பத்திரிகை ஆசிரியர்கள் சொன்னது உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்று புரிகிறது. அவர்களிடம் கேட்க நினைத்ததை என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே சுஜாதா இயந்திரங்களின் உலகத்தை எழுதியபோது அதை வாராவாரம் காத்திருந்து படித்த ஊர் இது. வாசகர்கள் இருக்கிறார்கள். ஒருவர் திருப்பி அனுப்பினால் அடுத்தவருக்கு அனுப்புங்கள். ஆனால் வெளியே கிடைக்காத மரியாதை வீட்டிலும் கிடைக்காததுதான் உங்களைச் சோர வைக்கிறது என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் நாவலில் ஒரு பக்கமாவது படித்திருக்கிறாரா? நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பேச்சி மறுக்கிற அத்தியாயத்தை அவரிடம் கொடுங்கள். யாரோடு பேசினீர்கள் என்பது அவருக்கு அப்போது விளங்கும். அத்தையிடம் வாதம் வேண்டாம். கயிறு கையில் இருந்துவிட்டுப் போகட்டும், பாசத்தில் கட்டியது.

இனி மாமாவின் விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அந்தப் பின்கட்டு அறைதான். அவருக்கு என்ன என்று உங்களுக்கு யாரும் விளக்கவில்லை, மருத்துவம் பார்த்தார்களா என்றுகூட உங்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. சின்ன வயதில் பார்த்துப் பயந்ததை இத்தனை வருடமும் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள். கல்யாணத்தின்போது மறைத்தது பெரியவர்கள். ஆனாலும் அது வெளியே வந்துவிடுமோ என்ற பதற்றம் உங்கள் தலையில் ஏறிவிட்டது. அதனால்தான் வீட்டுக்காரர் "டாக்டர்" என்றதும் உடம்பு நடுங்கியது. அவர் கேட்ட விதத்தைப் பாருங்கள். மெதுவாகக் கேட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மனிதரிடம் உண்மையைச் சொல்லலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அத்தை இல்லாத நேரம் பார்த்து, மறைத்தது உங்கள் முடிவல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்குக் கோபம் வரலாம். இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை உண்டு, அதற்கு இடம் கொடுங்கள்.

டாக்டரைப் பார்க்கலாமா என்றால், ஒருமுறை பாருங்கள். உங்களுக்கு நோய் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. உங்கள் பயத்துக்கு நேரில் ஒரு பதில் வேண்டும், அதைக் கடிதத்தில் முழுதாகக் கொடுக்க முடியாது. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. நீங்கள் சொல்வதை வெளியே விடக்கூடாது என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவர்களைக் கட்டுப்படுத்துகிறது, வங்கிக்குத் தெரிந்துவிடும் என்ற கவலை வேண்டாம். உள்ளே போனதும் முதலில் "நான் கதை எழுதுகிறவள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சியைப் பற்றிச் சொல்லுங்கள். தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் கேளுங்கள். இந்த வயதில் சோர்வுக்கும் படபடப்புக்கும் அவையும் காரணமாகலாம். அதற்கு முன்பே யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால் 14416க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மருத்துவர் மாமாவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். எந்த வயதில் தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிட்டார், குடும்பத்தில் வேறு யாருக்கும் இருந்ததா என்பதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத்தான் தெரிந்திருக்கும். போகும் முன் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.