பதில்: சனிக்கிழமை கடித்த சினூக், ஞாயிறு எங்கே போனது?

வணக்கம் அண்ணா. டொராண்டோவின் ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க்கிலிருந்து படகில் போய், சனிக்கிழமை 60 அடி ஆழத்தில் சினூக் சால்மன் பிடித்தீர்கள், மறுநாள் அதே இடத்தில், அதே ஆழத்தில் ஒன்றுகூடத் தொடவில்லை என்கிறீர்கள். இடையில் காற்று கிழக்குக்கு மாறியது என்றும் எழுதியிருக்கிறீர்கள். விடை அதற்குள்தான் இருக்கிறது.

சினூக் குளிர்நீரின் பின்னால் போகும் மீன். ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியஸ் அதற்குப் பிடிக்கும். ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் மேல்மட்டச் சூட்டுநீர் வெளியே தள்ளுப்பட, அடிக்குளிர் கரைக்கருகே ஏறிவரும். கிழக்குக் காற்றில் தலைகீழ். சூட்டுநீர் கரையோரம் குவிந்து, குளிர்மட்டம் கீழே இறங்கிவிடும். ஞாயிறு நீங்கள் தூண்டிலை இழுத்தது பெரும்பாலும் வெந்நீரில்!

முதலில் வெப்பமானியை இறக்கிக் குளிர் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். தேவைப்பட்டால் படகை இன்னும் ஆழமான பக்கம் கொண்டுபோங்கள். டவுன்ரிகர் (கம்பியில் கட்டிய குண்டால் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் கருவி) காட்டும் ஆழ எண்ணையும் அப்படியே நம்பவேண்டாம். கம்பி பின்னால் சரிவதால் குண்டு அதைவிட மேலேதான் நிற்கும். கீழ்நீரோட்டம் வேறு திசையில் ஓடலாம், ஆகவே எதிர்ப்பக்கமாகவும் இழுத்துப் பாருங்கள். ஸ்பூன் (உலோகப் போலி இரை) நிறம் மாற்றுவதெல்லாம் கடைசி வேலை.

செப்டம்பரில் இந்தக் கணக்கு அவ்வளவாகச் செல்லாது. முட்டையிடப் போகும் பெரிய மீன்கள் ஆற்றுவாய்களில், ஆழம் குறைந்த இடத்திலேயே வந்து கூடும்.